படியில் ஏறிய விண்கலம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கிட்வாய் நகரில் எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் விசாலாக்ஷி விஷயத்தில் நான் பேசியது போதாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பேச வேண்டிய நேரத்தில் எல்லாம் அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

விசாலம் கீழ் வீடு, நான் மேல் வீடு. இரண்டு பேருக்கும் ஒரே அமைச்சகத்தில், ஒரே செக்ஷனில் குமாஸ்தா வேலை. நான் திருமங்கலத்துக்காரி, ராணுவத்தில் கணக்கு எழுதுகிறவரைக் கட்டிக்கொண்டு டெல்லி வந்தவள். அவர்கள் கும்பகோணம் பக்கம். அவளுடைய அப்பா எங்கள் அமைச்சகத்திலேயே இருந்து, வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் மகளுக்கு வேலை கொடுத்தார்கள். அந்த வேலையோடு இரண்டு அறை குவார்ட்டர்ஸும் அவள் பெயருக்கு மாறியது.

வீடுதான் அவள் பெயரில். அதில் அவளுக்கென்று இருந்தது பின்பக்கத்து வராந்தா மட்டும். உள்ளே அம்மா, தம்பி பட்டாபி, பிறகு பட்டாபியைக் கட்டிக்கொண்டு வந்த வத்சலா. பட்டாபியைப் படிக்க வைத்ததே விசாலம்தான். அவனுக்குக் கன்னாட் பிளேஸில் தனியார் கம்பெனி வேலை. மடிப்புக் கலையாத சட்டை, ஆங்கிலம், எல்லாம் உண்டு. குவார்ட்டர்ஸ் மட்டும் கிடையாது. இதற்கு நடுவில் விசாலத்துக்குக் கல்யாணம் என்ற பேச்சு எப்போது நின்றது என்று அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. பட்டாபிக்கு வேலை கிடைத்த வருஷம்.

எழுபத்தொன்பது குளிர்காலத்தில் அமெரிக்காவிலிருந்து அவர்களுடைய அத்தை மகன் சேஷு வந்தார். கையில் சவப்பெட்டி அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி. மேலே விண்வெளியில் பறக்கிற ராட்சசக் கப்பலின் படம். மெட்ராஸில் யாரோ பையனுக்கு வாங்கியதாம். உள்ளே திறந்து பார்த்தால் கப்பலே இல்லை. நூற்றுக்கணக்கான சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், சட்டம் சட்டமாக, கிளையில் தொங்கும் புளியங்காய் மாதிரி. ஒவ்வொன்றாக நறுக்கி ஒட்டினால்தான் கப்பல்.

"சின்னப் பசங்களுக்கு இது முடியாது. மெட்ராஸ் வரைக்கும் என்னாலயும் தூக்க முடியாது. யாராவது பண்றதுன்னா பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வராந்தாவில் போட்டுவிட்டுப் போனார்.

அம்மா அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னார். விசாலம் அன்று சாயங்காலமே நகவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் செக்ஷனில் பத்து வருஷமாகக் கோப்புக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த விசாலத்தை எனக்குத் தெரியும். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் வேறு ஆள். பெட்டியோடு வந்த பசை விமானத்திலேயே காய்ந்து கல்லாகியிருந்தது. பெயின்ட் கடையில் தின்னர் வாங்கி, மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டங்களைத் துண்டு துண்டாக அதில் ஊறப்போட்டாள். மறுநாள் அது கூழாகியிருந்தது. அதையே தீக்குச்சியால் தொட்டு ஒட்டினாள். மூன்றடி நீள உடம்பு, நடுவில் வண்டிச் சக்கரம் போல ஒரு வளையம், பின்னால் ஆறு குழாய். ஹோலிக்கு முன் உருவம் வந்துவிட்டது.

"வயசான காலத்தில சொப்பு வச்சு விளையாடுறியா?" என்று சீண்டினேன்.

"நீ ஸ்வெட்டர் பின்றே, நான் இதைப் பண்றேன். உன் ஸ்வெட்டராவது யாராவது போட்டுப்பாளா?" என்றாள். என் வீட்டுக்காரருக்கு நான் பின்னிய ஸ்வெட்டரின் ஒரு கை முழங்கையோடு நின்றுவிட்டது பிளாக்குக்கே தெரியும்.

பெட்டியில் விளக்கு எதுவும் இல்லை. விளக்கு போட வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போய் தீபாவளிக்குத் தொங்கவிடுகிற சீரியல் செட் வாங்கி வந்தாள். அரிசி அளவு பல்புகளைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒயர் நீட்டி, பேட்டரிக்குப் பதிலாக ரேடியோவுக்குச் செருகுகிற எலிமினேட்டரில் இணைத்தாள். ஈயம் உருக்குகிற சோல்டரிங் கம்பியை அவள்தான் பிடிப்பாள். பட்டாபி டார்ச் அடிப்பான், ஈயக் கம்பியை நீட்டுவான், வேடிக்கை பேசுவான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்காவும் தம்பியும் வராந்தாவில்தான். அவர்கள் சிரிக்கிற சத்தம் மாடிவரை கேட்கும். அதைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருக்கும். என் தம்பி ஊரில் இருந்து ஒரு கார்டு போட மாட்டான்.

முதல் தடவை ஸ்விட்சைப் போட்டபோது நானும் இருந்தேன். ஜன்னலுக்குப் பதிலாகக் கப்பல் முழுக்க மங்கலாக எரிந்தது. பிளாஸ்டிக் சுவர் வழியாகவே வெளிச்சம் கசிந்துவிட்டது. குளியலறை ஜீரோ வாட் பல்பு மாதிரி இருந்தது. பட்டாபி தலையில் கையை வைத்துக்கொண்டான். விசாலம் ஒரு நிமிஷம் பார்த்தாள், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளே உடம்பைப் பிளந்து, உட்புறம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட், அதன்மேல் வெள்ளை. வெளிச்சம் சிதறுவதற்குப் பால் பாட்டில் மூடித் தகட்டைத் தேய்த்து ஒட்டினாள். இதற்காகப் பிளாக் முழுக்க எல்லார் வீட்டுப் பால் மூடியையும் நான்தான் வசூல் பண்ணிக் கொடுத்தேன். தையல் மெஷின் ஊசியை விரலில் உருட்டி உருட்டி ஜன்னல் ஜன்னலாகத் துளை போட்டாள். கோடை முழுக்க அதுதான் வேலை. விரல் நுனி காய்த்துப் போயிற்று.

ஆகஸ்டில் இரண்டாம் தடவை ஸ்விட்சைப் போட்டாள். உடம்பு இருட்டாகவே இருந்தது. துளைகள் மட்டும் எரிந்தன, வரிசை வரிசையாக.

"உள்ளே ஆள் இருக்கா மாதிரி இருக்கு, இல்லையா இந்திராணி?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்படி ஒரு அழகு. நான் பொய் சொல்ல மாட்டேன்.

அந்த மாதம்தான் பேப்பரில் விளம்பரம் வந்தது. பம்பாயில் விண்வெளியைப் பற்றிப் புதிதாகக் கண்காட்சிக்கூடம் ஒன்று கட்டுகிறார்கள், மாதிரிகள் செய்ய ஆள் வேண்டும், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், தன் கையால் செய்த ஒன்றை இன்டர்வியூவுக்கு நேரில் கொண்டுவர வேண்டும். விசாலத்துக்கு டிசம்பரில் முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் இன்னொன்று கிடையாது. அவளுக்கு அது தெரியும், எங்களுக்கும் தெரியும்.

விண்ணப்பத்தைத் தன் ஆபீஸில் டைப் அடித்துக் கொடுத்ததே பட்டாபிதான். "அக்கா, நீ மட்டும் அங்க போனா கலக்கிடுவே" என்றான். கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்து அடித்துக் கொடுத்திருக்கிறான். அது பின்னால்தான் புரிந்தது.

கூப்பிட்டுவிட்டார்கள். மதுரா ரோடில் ஒரு கட்டடத்தில், வெள்ளிக்கிழமை காலை. அந்த வெள்ளிக்கிழமை நவராத்திரியின் நடுவில் விழுந்தது.

எங்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் இல்லை. அதனால் விசாலத்தின் அம்மா எனக்கு வருஷா வருஷம் பாடம் எடுப்பார். படியில் ஏறின பொம்மை சுவாமி மாதிரி. கலசம் வைத்து ஆரத்தி எடுத்த பிறகு விஜயதசமி முடியும்வரை ஒன்றையும் அசைக்கக் கூடாது. தரையில் மண் கொட்டி, கடுகு முளைக்கவிட்டு, குளமும் ரயிலும் வைக்கிறார்களே, அந்தப் பார்க் மட்டும் விளையாட்டு. அதில் எதையும் எடுக்கலாம், வைக்கலாம்.

"அக்கா, உன் கப்பலைப் பார்க்ல வைப்போம். எல்லாரும் பாக்கட்டும். வெள்ளிக்கிழமை நானே டாக்ஸி பிடிச்சு உன்னோட வரேன்" என்று பட்டாபி கேட்டான். விசாலம் சந்தோஷமாகச் சரி என்றாள். தம்பி கேட்டு அவள் எதற்கு மாட்டேன் என்றிருக்கிறாள்?

கொலு வைத்த அன்று நான் லீவு. உதவிக்குக் கீழே இறங்கினேன். விசாலம் ஆபீஸ் முடிந்து, மாற்றுப் பல்பு வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அம்மா கலசத்துக்கு மாவிலை செருகிக்கொண்டிருந்தார். பட்டாபி கப்பலைத் தரையிலிருந்து தூக்கி, பொம்மைகளை ஒதுக்கி, மூன்றாவது படியில் நடுநாயகமாக வைத்தான்.

"அதை ஏண்டா படியில ஏத்தறே? அவளுக்கு வேணுமே" என்றார் அம்மா.

"அக்காதாம்மா சொன்னா. முதல் முதலா பண்ணினது, அம்பாள்கிட்ட இருக்கட்டும்னா."

அம்மாவுக்கு அப்படியே உருகிவிட்டது. கப்பலின் மூக்கில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஆரத்தி எடுத்தார்கள். விசாலத்துக்கு இப்படியொரு பக்தியா என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அவள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள்.

"யாரும்மா மேலே வெச்சா?"

"நீதானே சொன்னியாம். பட்டாபி சொன்னான்" என்றார் அம்மா.

"நான் சொல்லவே இல்லையே."

பட்டாபி பொம்மையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டான். "கீழே இருந்தா வர்ற பசங்க கால்ல படும்னுதான்" என்று முணுமுணுத்தான்.

விசாலம் அம்மாவிடம் கெஞ்சினாள். "ஒரே ஒரு காலம்பறம்மா. வெள்ளிக்கிழமை எடுத்துண்டு போயிட்டு சாயங்காலம் விளக்கேத்தறதுக்குள்ள கொண்டுவந்து வெச்சுடறேன்."

அம்மா உட்கார்ந்துவிட்டார். வத்சலா அப்போது ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. "கொலுவைக் கலைச்சு இவளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எனக்கு பயமா இருக்குடி விசாலம். உன் காலைப் பிடிச்சுக்கறேன்" என்று நிஜமாகவே குனிந்தார். விசாலம் பதறிப்போய் அவரைத் தூக்கினாள். வத்சலா கதவோரத்தில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், அவளுக்கு அக்கா என்றால் தீதி, இஷ்டம் என்றால் மர்ஜி. "தீதி, நான் ஒண்ணும் சொல்லலை, உங்க மர்ஜி" என்று மட்டும் சொன்னாள். வயிற்றுப்பிள்ளைக்காரியை அழவைத்துவிட்டு யார் அந்தப் படியில் கை வைக்க முடியும்?

விசாலம் பட்டாபியைப் பின்வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். நானும் கூடவே போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன்.

"நீ இதெல்லாம் நம்பறவன் இல்லையே பட்டாபி. கைதவறி வெச்சுட்டேன், தப்பு என்னுதுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பா. ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டு ஏதாவது பரிகாரம் பண்ணிண்டா போச்சு."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். "வெச்சது வெச்சதுதான் அக்கா."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "ஏப்பா, அக்கா சொன்னான்னு அம்மாகிட்ட எதுக்குப் புளுகுன? நான் அங்கிட்டுத்தான நின்னேன்" என்றேன்.

அதன்பிறகுதான் உண்மை வந்தது. "நீ பம்பாய் போயிட்டா இந்த வீட்டை ரெண்டு மாசத்துல காலி பண்ணச் சொல்லுவான். வத்சலாவை இந்த நிலைமைல கூட்டிண்டு நான் எங்க போவேன்? என் சம்பளத்துல இங்க வாடகை குடுக்க முடியுமா? அம்மாவை யார் பாத்துப்பா? நீ அங்க தனியா கிடந்து என்ன பண்ணப் போறே?"

விசாலம் அவன் முன்னால் வந்து நின்றாள். "இதை நேரா கேட்டிருக்கலாமே."

"கேட்டா இருந்திருப்பியா?"

"இருந்திருப்பேனோ என்னமோ. கேட்டிருக்கலாமே பட்டாபி. அம்பாளை எதுக்குடா நடுவுல இழுத்தே? அம்மாவை ஏன் என் கால்ல விழ வெச்சே?"

அவன் உள்ளே போய்விட்டான். நான் சொன்னேன், "நீ பேசாம இரு. நான் தூக்கிட்டு வர்றேன். பழி என் மேல விழட்டும். எங்க ஊர்க்காரிக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போறேன்." அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் உன்னை விடமாட்டார்கள், என்னை நானே விடமாட்டேன் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்கு வெறுங்கையோடு போனாள். டாக்ஸி இல்லை, தம்பி இல்லை, பஸ்ஸில் போனாள். மற்றவர்கள் பெட்டியும் மூட்டையுமாக உட்கார்ந்திருந்தார்களாம். மேஜைக்குப் பின்னால் நாலு பேர். உன் மாடல் எங்கே என்று கேட்டார்கள். வீட்டில் சுவாமியோடு வைத்துவிட்டார்கள், பூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது என்று உள்ளதைச் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்களாம். ஒரு வங்காளிப் பெரியவர் மட்டும் சிரிக்காமல், எப்படி வெளிச்சம் கசியாமல் செய்தாய் என்று கேட்டு, அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டினாராம். ஆனால் நாளைக்கே அவர்கள் பம்பாய் திரும்புகிறார்கள். பார்க்காத பொருளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது, மன்னியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்கள் கூட்டம் கொலுவை மொய்த்தது. பட்டாபி கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான். எல்லாரும் ஆகா என்றார்கள். "நானும் அக்காவும் சேர்ந்து பண்ணினது" என்றான், வாய் கூசாமல். விசாலம் சுண்டல் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வத்சலாவுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. பெண் குழந்தை. அதைக் குளிப்பாட்டித் தூங்கவைத்து வளர்த்ததில் பாதி விசாலம். தம்பியிடம் பேச்சை நிறுத்தவில்லை, சம்பளத்தைக் கொடுப்பதை நிறுத்தவில்லை. வராந்தாவில் உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஆபீஸில் மத்தியானம் என்னோடு டப்பாவைத் திறப்பாள், சாப்பிடுவாள், மூடுவாள். வேறு ஏதாவது செய்யேன், நான் சாமான் வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "யாரை நம்பிப் பண்றது?" என்பாள். ஒயரும் பிளாஸ்டிக்கும் ஒட்டுவதற்கு யாரை நம்ப வேண்டும்? ஆனால் அவளுக்கு அப்படி ஆகிவிட்டது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் கப்பல் மூன்றாவது படியில் ஏறும், அவன் ஸ்விட்சைப் போடுவான், அதே வசனத்தைச் சொல்லுவான்.

எண்பத்தைந்தில் ஒரு நாள் நான் கீழே அரிசி புடைத்துக்கொண்டு விசாலத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது பட்டாபி லட்டு டப்பாவோடு உள்ளே வந்தான். முகமெல்லாம் பல். "அக்கா, வாயைத் திற. டி.டி.ஏ. கவர்மென்ட் வீட்டுக் குலுக்கல்ல எனக்கு ஃப்ளாட் விழுந்துடுத்து. ஜனக்புரில."

"எப்படா பதிஞ்சே?" என்று கேட்டாள் விசாலம்.

"எழுபத்தொன்பதுலயே. ஸ்கீம் வந்தவுடனே பணம் கட்டிட்டேன். எல்லாருக்கும் சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லலை."

புடைக்கிற முறத்தை நான் கீழே வைத்துவிட்டேன். அந்த நவராத்திரி எண்பதில். அக்காவை எங்கேயும் போகவிடாமல் படியில் கட்டிப்போட்டபோதே, தான் போவதற்கு அவன் வழி செய்து வைத்திருந்திருக்கிறான். அதுவரைக்கும் தங்க ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகவே தோன்றவில்லை. கையில் லட்டோடு நின்றான் பாவி.

விசாலம் லட்டை வாங்கித் தட்டில் வைத்தாள். "அம்மா?" என்றாள்.

"அம்மா எங்களோடதான். குழந்தையை விட்டு அம்மாவால இருக்க முடியாதே. நீ ஆபீஸ் பக்கத்துல இங்கயே இருந்துக்கோ. குவார்ட்டர்ஸ்தான் இருக்கே."

அவர்கள் கிளம்புகிற அன்று வாசலில் டெம்போ நின்றது. கொலுப் பொம்மைகளை வத்சலா பழைய புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். பட்டாபி கப்பலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இதையும் எடுத்துக்கறோம். இத்தனை வருஷம் படியில இருந்தது. இல்லாம கொலு வெச்சா அம்மாக்கு மனசு கேக்காது."

"எடுத்துக்கோ. கொஞ்சம் கீழே வை" என்றாள் விசாலம்.

திருப்புளியைக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். கப்பலின் அடிவயிற்றில் மூடியைத் திறந்தாள். உள்ளே கையை விட்டு ஒயரை இழுத்தாள். முதலில் ஒன்று, பிறகு கொத்தாக. பால் மூடித் தகடெல்லாம் பிய்ந்துகொண்டு வந்தது. டெம்போக்காரன் ஜல்தி கரோ என்று வெளியிலிருந்து கத்தினான். அவள் அவசரப்படவில்லை. கடைசிப் பல்பு வரைக்கும் உருவி எடுத்து, எல்லாவற்றையும் பந்தாகச் சுருட்டி அவன் கையில் வைத்தாள்.

"என்ன அக்கா இது? நவராத்திரிக்கு எரிய வேண்டாமா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினதுன்னு வர்றவாகிட்டல்லாம் சொல்லுவியே. போட்டுக்கோ."

அவன் அந்த ஒயர்ப் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எது எங்கே போகும் என்று அவனுக்கு என்ன தெரியும்? வெறும் டார்ச் பிடித்தவன்.

அம்மா கையில் கூஜாவோடு வந்து, "இந்த வீட்டுல எப்படிடி தனியா இருப்பே?" என்று அழ ஆரம்பித்தார். விசாலம் அவருக்குச் செருப்பை எடுத்துப் போட்டாள். கையைப் பிடித்து டெம்போவில் முன்னால் ஏற்றிவிட்டாள். பிறகு பட்டாபியிடம் திரும்பினாள். சண்டை போடுகிற குரல் இல்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்பதுபோல் கேட்டாள்.

"நான் ஒரு காலம்பறதானேடா கேட்டேன். சாயங்காலம் கொண்டுவந்து வெச்சுடறேன்னு சொன்னேனே."

பட்டாபி ஒயரை டிரங்குப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு டெம்போவின் பின்னால் ஏறிக்கொண்டான். வண்டி கிளம்பியது.